தறிக்கும் அனுமதியைக் கேள்வி கேட்கப் போன இடம்

யாழ்ப்பாணம் நீதிமன்றத் தொகுதிக்குக் கிட்ட, ஒரு மாடியில் இருக்கும் சிறிய சட்டத்தரணி அலுவலகத்தைப் பற்றியது இது. சட்டத்தரணிகள் விளம்பரம் செய்யக் கூடாது, பெயரைப் போடாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

தென்மராட்சியில் எங்கள் ஒழுங்கையோரம் 41 பனைகள் நின்றன. மாசியில் ஒரு காலை வாள் சத்தம் கேட்டு ஓடினால், அனுமதிப் பத்திரத்தை நீட்டினார்கள். அயலவர்கள் கூடி நிறுத்துவதற்குள் ஒன்பது விழுந்துவிட்டன. பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரந்தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1951இலேயே வந்தது. அந்த அனுமதியையே கேள்வி கேட்கலாம் என்பதுதான் எனக்குத் தெரியாது.

"பிள்ளை, எங்கட அப்பு வடலியிலயே வேலி கட்டிக் காத்த மரங்கள்" என்று தொடங்கினேன். சட்டத்தரணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, மரம் நிக்க வேணுமோ விழ வேணுமோ எண்டு கோடு முடிவெடுக்காது. அனுமதி குடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததோ, குடுக்க முதல் செய்ய வேண்டியதைச் செய்தவரோ எண்டுதான் பாக்கும்."

அந்த அரை மணி நேரத்துக்காகவே 3,000 ரூபா கொடுக்கலாம். முடிவு சட்டப்படி எடுக்கப்படவில்லை என்றால் உறுதிகேள் எழுத்தாணை என்ற நீதிமன்றக் கட்டளை அதை ரத்துச் செய்யும். அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். மாகாண சபைக்குரிய விடயம் என்றால் மாகாண மேல் நீதிமன்றமே போதும், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வில்பத்துக்கு வடக்கே கல்லாறில் அழிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாக மரம் நடச் சொல்லி 2020 நவம்பரில் வந்த தீர்ப்பும் இப்படியான மனு ஒன்றில்தான் என்றார்.

மூன்று கிழமை சும்மா இருந்ததற்குக் கடிந்துகொண்டார். எழுத்தாணை கேட்பவர் தாமதித்தால், அதையே காரணமாக வைத்து மனுவைத் தள்ளிவிடலாமாம். மற்ற மரங்களில் கை வைக்க வேண்டாம் என்று அன்றே பதிவுத் தபாலில் கடிதம் போனது. கூடவே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதிக்கான கோவையின் பிரதியையும் கேட்டோம். அதற்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். அனுமதியின் திகதி 3. மரங்களைப் போய்ப் பார்த்ததாக எழுதிய அறிக்கையின் திகதி 11. பார்க்காமலே கொடுத்திருக்கிறார்கள்! எனக்குக் கை நடுங்கியது. அவர் அந்த இரண்டு வரிகளின் கீழும் பென்சிலால் கோடு போட்டார், அவ்வளவுதான். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அனுமதி இடைநிறுத்தப்பட்டது. 32 பனைகளும் நிற்கின்றன.

குறைகளும் உண்டு. வரைந்து வைத்த மனு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார், ஆனால் கையில் வைத்திருக்கத் தமிழ்ப் பிரதி கேட்டும் இன்னும் வரவில்லை. வழக்கு நாட்களில் தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். என் வயதுக்காரருக்கு அந்தப் படிகள் சிரமம், பிடிக்கக் கம்பி இல்லை.

போகிறவர்கள் காலை எட்டுக்கே போங்கள். ஒன்பதுக்கு அவர் கோட்டுக்கு இறங்கிவிடுவார். அனுமதியின் பிரதி, மரங்களின் படம், விஷயம் எந்த நாள் உங்கள் காதுக்கு வந்தது என்ற குறிப்பு, மூன்றையும் கொண்டு போங்கள்.