பாதி சார்ஜில் செத்த பேட்டரி: சின்னப் படகில் நான்கு ஆண்டு அனுபவம்

என் படகு சின்னது. மின்சாரச் செலவு என்று பார்த்தால் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று, இரண்டு விளக்கு, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப், இன்ஜின் ஸ்டார்ட். இதற்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும், ஓட ஓட இன்ஜினே சார்ஜ் ஏற்றிவிடும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். அந்தப் பேட்டரி 14 மாதத்தில் உயிரை விட்டது.

அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) கையேட்டில், சார்ஜ் ஏற்றுவது 6 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அது முழு வேகத்துக்கான கணக்கு. தூண்டில் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது அளந்து பார்த்தேன், 1 ஆம்பியரைத் தாண்டவில்லை. ஃபிஷ் ஃபைண்டரும் விளக்கும் அதைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தன. போதாததற்கு, ஈய பேட்டரியில் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்குத்தான் மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரம் என் படகுக்குக் கிடைக்கவே இல்லை. முழுசாக நிறையாமலே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எந்த சார்ஜராலும் கரைக்க முடியாது.

அடுத்த முறை இரண்டாகப் பிரித்தேன். ஸ்டார்ட்டுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம், அடிக்கடி நிறைய இறங்கி ஏறுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், வோல்ட் ஏறினால் சேர்த்து, இறங்கினால் பிரிக்கும் ரிலே. கூரைமேல் 50 வாட் சோலார் பேனல். நல்ல வெயிலில் 2.6 ஆம்பியர் கொடுத்தது. ஒருநாள் சாய்த்து வைத்திருந்த தூண்டில் கம்பின் நிழல் குறுக்கே விழுந்ததும் மீட்டர் 1-க்குக் கீழே போய்விட்டது. ஒரு விரல் தடிமன் நிழல்! கம்பை வேறு பக்கம் மாற்றினேன்.

இரண்டு ஆண்டு நிம்மதி. பிறகு காலையில் பார்த்தால் 12.1 வோல்ட், அதாவது பாதிக்கும் குறைவு. பேட்டரிதான் போச்சு என்று புதிது வாங்கப் போனவன், நல்லவேளை, முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன். வெயில் நேரத்தில், சோலாரிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் முனையில் 14.2 வோல்ட், பேட்டரி முனையில் 13.4. நடுவில் 0.8 வோல்ட் எங்கே போனது? வயரைத் தடவிக்கொண்டே போனேன். பலகைக்கு அடியில் நானே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. டேப்பைப் பிரித்ததும் பச்சைப் பொடி கொட்டியது, உள்ளே கம்பி கறுத்துப்போய் தொட்டாலே ஒடிந்தது. உப்புக் காற்றுக்கு டேப் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளீயப் பூச்சு உள்ள செப்பு வயராக மாற்றி, இணைப்பை அழுத்தி கிரிம்ப் அடித்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன். அதே பேட்டரி மறுபடி நிமிர்ந்தது. டெர்மினல்களுக்கு மாதம் ஒருமுறை வாஸ்லின் தடவுகிறேன்.

பம்ப் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க வெறுமனே ஓடி பேட்டரியைக் காலி செய்ததும் உண்டு. அந்தப் பழியைப் பேட்டரிமேல் போட முடியாது.

ஓராண்டாக டீப் சைக்கிள் இடத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. தூக்குவதற்கே சந்தோஷமாக இருக்கிறது, பாதி சார்ஜில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆனால் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டுவதால் பழைய ரிலே பிரியவே மறுத்தது, அதைக் கழற்றிவிட்டேன். சோலார் லித்தியத்துக்கு மட்டும். ஸ்டார்ட்டுக்கு இன்னமும் ஈய பேட்டரிதான். இன்ஜினை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து அதன் வோல்ட்டை அளப்பேன். 12.6 இருந்தால் சரி, 12.4-க்குக் கீழே என்றால் அன்றிரவே கரை சார்ஜரில் மாட்டிவிடுவேன்.

லித்தியத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். காலியாகும் வரை வோல்ட் பெரிதாக அசையாது, திடீரென்று உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும். ஒருமுறை இருட்டில் விளக்கும் ஃபைண்டரும் சேர்ந்தே அணைந்தன. அதன்பின் போகிற, வருகிற ஆம்பியரை எண்ணும் மீட்டர் ஒன்றை வைத்தேன். அதற்காகவும் அவ்வப்போது பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு விலகிப் போகிறது.