மலையா, தண்ணீரா: சென்னைவாசி எதில் தொடங்கலாம்?

நான்கைந்து நாள் விடுப்பும் கொஞ்சம் பணமும் சேர்ந்தால் போதும், நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி உத்தரகண்ட் இமயமலையில் உள்ள கேதார்கந்தாவுக்கு டிக்கெட் போடச் சொல்லும். இன்னொன்று ரிஷிகேஷ் போய் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டக் கற்கலாம் என்னும். எதற்கு அவ்வளவு தூரம், கோவளம் இருக்கிறதே என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார். அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் பெரும்பாலும் அவர் பக்கம்.

அழகிலும் புகைப்படத்திலும் இமயமலையைக் கோவளம் பக்கத்து முட்டுக்காடு ஜெயிக்க வழியே இல்லை, அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். போய்வந்த பிறகு, பக்கத்தில் ஒருவர் ஆபத்தில் மாட்டினால் உங்கள் கை என்ன செய்யும்? அந்தக் கைப்பழக்கத்தை ஊருக்குத் திரும்பியபின் விடாமல் வைத்திருக்க முடியுமா?

முதலில் பேக்கேஜ் ட்ரெக். கேதார்கந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். கூடாரம், சாப்பாடு, வழி எல்லாம் கைட் பொறுப்பு. எத்தனை அடுக்கு உடை போடுவது, எந்த வேகத்தில் நடந்தால் மூச்சு வாங்காது, குளிரில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதெல்லாம் தெரியவரும். இது சாதாரணமல்ல. ஆனால் எப்போது திரும்ப வேண்டும் என்ற முடிவை ஒருமுறைகூட நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள். கைட், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 'ஓகே' என்பார், நீங்களும் நடப்பீர்கள்.

கடல் மட்டத்தில் வாழும் நமக்கு அந்த முடிவுதான் முக்கியம். ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், தொட்டபெட்டா 2,637. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் என்றால் என்னவென்று தென்னிந்தியாவில் எங்கும் பழக முடியாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், ஒரு நாள் இரவு தூங்கும் உயரத்துக்கும் மறுநாள் தூங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள் என்பதே மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பணம் கட்டுவதற்கு முன் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு இரவுக்கும் எதிரே உயரத்தைக் குறித்துப் பாருங்கள். பளபளப்பான இணையதளங்கள் சில இந்தச் சோதனையில் தேறாது. தலைவலி, குமட்டல் வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதற்கு நேரெதிர் அடிப்படை மலையேற்றப் பயிற்சி, எல்லோரும் பி.எம்.சி. என்று சொல்வது. டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனம் 1954-ல், டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு ஆண்டு, தொடங்கியது. களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர் அவரேதான். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் 1965-ல் வந்தது. மணாலியிலும் பஹல்காமிலும் உண்டு. ஏறக்குறைய நான்கு வாரம். விடிகாலை ஓட்டம், முதுகில் கனமான ருக்சாக், பாறையில் பிலே (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பது), ராப்பல் (கயிற்றில் இறங்குவது), பிறகு பனியாறு, காலில் கிராம்பன் என்ற முள்தகடு, கையில் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாலி. வழுக்கி விழுந்தால் கோடாலியை அழுத்தி நிறுத்துவதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பயிற்சி பெறுபவர்களை 'ரோப்' என்ற சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசானைப் போடுவார்கள். அரசு மானியம் இருப்பதால், கற்றுத்தரும் அளவோடு பார்த்தால் கட்டணம் மலிவு. 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த கட்டமான மேல்நிலைப் பயிற்சி.

கற்றலில் பேக்கேஜ் ட்ரெக்கை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. சிக்கல் வேறு இடத்தில். சேர்ந்தாற்போல் நான்கு வாரம் விடுப்பு கொடுக்கும் மேலாளர் ஓ.எம்.ஆரில் எத்தனை பேர்? இடம் கிடைக்க முன்கூட்டியே பதிய வேண்டும். ஆசான்கள் பலர் இந்தியில்தான் சரளமாகப் பேசுவார்கள். கயிற்றில் தொங்கும்போது கேட்கும் கட்டளை புரியாவிட்டால் சிரமம், ஒரு மாதம் முன்பே காதைப் பழக்கிக்கொள்வது நல்லது. நிறுவனம் என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டாவில் சரிந்த பனி, உத்தரகாசி நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழுவைத்தான் அடித்துச் சென்றது. அப்போதைய தேடலில் 27 உடல்கள் கிடைத்தன, இருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் இரண்டாவது கேள்விக்கு வந்தால் பி.எம்.சி. தடுமாறுகிறது. ஐஸ் ஆக்ஸை ஊருக்குக் கொண்டுவந்து எங்கே பழகுவது, பல்லாவரம் குன்றிலா? முடிச்சுகளை வீட்டில் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரு பக்கத்து ராமநகரா பாறைகளுக்கு வார இறுதியில் போகலாம். பனியில் கற்றது மட்டும் அடுத்த பயணம் வரை தேய்ந்துகொண்டே இருக்கும்.

பக்கத்து மலைகள் இதற்கு மாற்றா என்றால், பாதிதான். நாகலாபுரம், ஜவ்வாது, ஏலகிரி எல்லாம் நடைக்கும் வெயிலுக்கும் நல்ல பள்ளிக்கூடம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழித்தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். காடு படிக்க அவர்களைவிட நல்ல ஆசான் கிடையாது, கேள்வி கேட்டுக்கொண்டே நடங்கள். காட்டுத்தீ காலத்தில் தடங்களை மூடினால் முணுமுணுக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்த குழுக்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும், காய்ந்த புல் இருந்தால் மனிதக் கால் அதை முந்தாது. நாகலாபுரம், தடா பக்கம் கவலை வேறு: நடையை முடித்துவிட்டுக் குளத்தில் குதிப்பவர்கள். ஆழம் தெரியாது, பாறை வழுக்கும், நீச்சலும் தெரியாது. அங்கே மலையேற்றம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் தண்ணீர் விபத்துதான். தண்ணீரை முதலில் கற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ரிஷிகேஷில் நான்கைந்து நாள் கயாக் பயிற்சி என்றால் முதல் பாடமே கவிழ்வது. இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் இழுப்பு வளையம் வெளியே தெரிகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்ந்து, அதை இழுத்து வெளியே வர வேண்டும். பிறகு பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்துச் சுழலும் 'எடி'க்குள் நுழைவது, வெளியேறுவது, நீரோட்டத்தைக் குறுக்கே கடப்பது, மிதந்து போகிறவருக்குக் கயிற்றுப்பை வீசுவது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி: ஓடும் ஆற்றில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால் வேகமே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, காலை ஆற்றின் போக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே அந்தக் கட்டணம் தகும்.

ஆற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு நம்மூர் தடுப்பணையும் வேறாகத் தெரியும். கொசஸ்தலையாற்றிலோ பாலாற்றிலோ மழைக்குப் பிறகு அணையைத் தாண்டி அழகாக வழியும் நீர், விழும் இடத்தில் பின்னோக்கிச் சுழன்று, விழுந்தவரை மீண்டும் அணையடிக்கே இழுக்கும். நல்ல நீச்சல்காரரையும் விடாது. ஆனால் ரிஷிகேஷுக்கும் பி.எம்.சி. வியாதி உண்டு. பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் வெள்ளை நீர் சென்னையில் கிடையாது. ஐந்து நாளில் ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது, ஒருமாதிரி கைக்கு வரும். பழகாவிட்டால் ஆறு மாதத்தில் போய்விடும்.

கோவளம், முட்டுக்காடு பக்கம் கதை வேறு. இங்கே கிடைப்பது பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக், நின்று துடுப்பு போடும் சப் பலகை. கவிழ்ந்தால் உள்ளே மாட்ட மாட்டீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பு, நூறு தடவை விழுந்து ஏறினாலும் உடம்பு விறைக்காது. ஆழத்தில் கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, காலை உதைத்து வயிற்றால் மேலேறி, திரும்பி உட்காரும் வித்தையை ஒரு சனிக்கிழமை காலையில் கற்கலாம். அடுத்த சனிக்கிழமையும் செய்யலாம், அதற்கடுத்ததும். இமயமலை தராத வசதி இதுதான்.

அமைதியாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. கழிமுகத்தில் மணல்திட்டு திறந்திருக்கும்போது, வற்றும் நீர் முகத்துவாரம் வழியே கடலுக்கு இழுக்கும். அந்தப் பக்கம் போக வேண்டாம். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் கரையிலிருந்து வீசும் மேற்குக் காற்றை மீனவர்கள் கச்சான் என்பார்கள். கரையோரத்தில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடிபோல் இருக்கும். பலகையில் நிற்பவரை அதே காற்று மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கயாக்கை மறந்துவிடலாம். வானம் தெளிவாக இருந்தும் அலை ஏறும் 'கள்ளக்கடல்' எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடுகிறது. அதைப் பாருங்கள், கூடவே குப்பத்துப் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள்.

உபகரணத்தில் ஒரே ஒரு ஒப்பீடு. சப் பலகையைக் கணுக்காலோடு கட்டும் கயிறு கடலில் உயிர் காக்கும், பலகையே மிதவை. அதே கயிறு ஓடும் ஆற்றில் கிளையில் மாட்டினால் எமன்; அங்கே இடுப்பில், ஒரே இழுப்பில் கழலும் பட்டைதான் வேண்டும். கோவளத்தில் கற்றதை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்; காதுவரை ஏறினால் அளவு தப்பு.

ஆக, வருடத்துக்குப் பத்து நாள் விடுப்பு உள்ளவருக்கு என் வரிசை இது: நீச்சல் தெரியாவிட்டால் வேளச்சேரி நீச்சல் குளம், பிறகு சில மாதம் கழிமுகச் சனிக்கிழமைகள், அப்புறம் ரிஷிகேஷ். மலைக்கு நடுநடுவே பக்கத்துக் காடுகள். பி.எம்.சி.யை வேலை மாறும் இடைவெளிக்கு வைத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி பி.எம்.சி.யில் தொடங்கட்டும், நான்கு வாரம் சும்மா கிடைக்கும் வயது திரும்ப வராது. கேதார்கந்தாவை இந்த வரிசையில் எங்கும் வைக்கவில்லை. அது சுற்றுலா. அப்படி நினைத்துப் போனால் அருமையான சுற்றுலா.

எங்கே சேர்ந்தாலும் முதல் தொலைபேசி அழைப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் நாளே கவிழ வைப்பீர்களா? ஓர் ஆசானுக்கு எத்தனை பேர்? மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதோடு செயற்கை மூச்சும் கொடுக்கத் தெரிந்தவர் கரையில் இருப்பாரா? எதிர்முனையில் இருப்பவர் உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று பதிலுக்குக் கேட்காமல் ஜிபே எண் அனுப்பினால், வேறு இடம் பாருங்கள்.