என்.எச்.35-ஆ, மியோட்டா 9015-ஆ? வீட்டில் பொருத்தும் கைக்கடிகாரத்துக்கு ஏற்ற இயந்திரம்

பழைய கைக்கடிகாரம் ஒன்றின் தோற்றத்தைத் தழுவி வீட்டு மேசையிலேயே புதிதாக ஒன்றைப் பொருத்தி எடுக்க விரும்புவோர், டயலின் அழகைப் பார்த்துத் தொடங்காமல் இயந்திரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். டயலின் அடிப்புறக் கால்கள் எங்கே அமைய வேண்டும், முள்களின் துளை எவ்வளவு, கேஸ் (வெளிக்கூடு) எவ்வளவு தடிமன் கொள்ளும் என்பன எல்லாம் இயந்திரத்தைப் பொறுத்தவை. 1953-இல் வந்த பிளாங்பெய்ன் ஃபிஃப்டி ஃபாதம்ஸையோ 1965-இல் வந்த சீக்கோ 62மாஸையோ தழுவுவதில் தவறில்லை. ஆனால் அவற்றின் பெயரையும் சின்னத்தையும் டயலில் பதித்தால் அது தழுவல் அல்ல, போலி.

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது சீக்கோ குழுமத்தின் என்.எச்.35. மணிக்கு 21,600 துடிப்பு, உராய்வைக் குறைக்கும் 24 கற்கள், முழுச் சாவியில் 41 மணி நேர ஓட்டம், 5.32 மி.மீ. தடிமன் கொண்ட இதில், கிரவுனை (பக்கவாட்டுத் திருகுகுமிழை) இழுத்தால் நொடி முள் நிற்கும். கையாலும் சாவி கொடுக்கலாம். கை அசைவில் சுழலும் எடையான ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சுருள்வில் முறுக்கேறும். இவற்றை எல்லாம் விடப் பெரிய வசதி, இதற்கென்றே செய்யப்படும் உதிரிப் பாகங்களின் பெருக்கம். 28.5 மி.மீ. டயல்கள் பலவற்றில் நான்கு கால்கள் இருக்கும். கிரவுன் 3 மணிப் பக்கமா, 4 மணிப் பக்கமா என்பதற்கேற்ப இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டும் முன் டயலை இயந்திரத்தின் மேல் வைத்துத் தேதிச் சாளரம் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் வெட்டிய கால் திரும்ப ஒட்டாது.

முள் பதிக்கும்போது, தேதி மாறும் கணம் வரை கிரவுனைத் திருப்பி, அங்கேயே நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சரியாக 12-இல் அழுத்த வேண்டும். டயலின் மேல் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை விரித்துக்கொண்டால் கீறல் விழாது. தேதி இல்லாத டயலைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்.எச்.35-ஐப் போடக் கூடாது. கிரவுனை இழுக்கும்போது பயனில்லாத ஒரு நிலை இடையில் தட்டுப்படும். அதற்குத் தேதியற்ற என்.எச்.38 இருக்கிறது.

என்.எச்.35-இன் குறை, தடிமன். நாளொன்றுக்கு 20 நொடி பின்தங்குவதிலிருந்து 40 நொடி முந்துவது வரை என்ற அதிகாரப்பூர்வ வரம்பும் தாராளமானதுதான். இந்த இரண்டிலும் மியோட்டா 9015 முந்துகிறது: தடிமன் 3.9 மி.மீ. மட்டுமே, துடிப்பு 28,800, வரம்பு 10 நொடி பின், 30 நொடி முன். நொடிக்கு ஆறுக்குப் பதில் எட்டுத் தாவல் என்பதால் நொடி முள் வழுக்கிச் செல்வதைக் கண்ணாலேயே காணலாம். மெல்லிய டிரஸ் வாட்ச் பாணியைத் தழுவுவோருக்கு நான் தயங்காமல் 9015-ஐயே சொல்வேன். தேதி வேண்டாதோருக்கு 9039 உண்டு. ஆனால் 9015-இன் ரோட்டர் ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றும். மறு திசையில் சும்மா சுழலும் ஓசை அமைதியான அறையில் கேட்கும். இதற்கேற்ற டயல், கேஸ் தெரிவுகளும் என்.எச்.35-க்கு இருப்பதைவிடக் குறைவு.

அதே நிறுவனத்தின் 8215-இல் நொடி முள் அவ்வப்போது தயங்கித் துள்ளும். விலைக் குறைவைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுவிஸ் ஈ.டி.ஏ. 2824, செல்லிட்டா எஸ்.டபிள்யூ.200, அவற்றின் அமைப்பைப் பின்பற்றும் சீனத்து பி.டி.5000 ஆகியவை 4.6 மி.மீ. தடிமனில் 28,800 துடிப்புடன் சிறப்பாக ஓடுபவை. புதியவர்களுக்கு இவற்றில் ஓர் ஆபத்து உண்டு: கிரவுன் தண்டைக் கழற்ற அழுத்தும் சிறு பொத்தானைச் சற்று ஆழமாக அழுத்தினால் உள்ளிருக்கும் நெம்புகோல் இடம் பெயர்ந்துவிடும், அதைச் சரிசெய்ய முள், டயல் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரிடும். தண்டைச் சரியான நீளத்துக்கு வெட்டச் சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்துப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், கை பழகாதவர்களுக்கு இது சிறிய சங்கடமல்ல.

எந்த இயந்திரமானாலும் சென்னைக் காற்றை மனத்தில் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் சாதாரண அறையில் பின்மூடியைப் பூட்டினால் உள்ளே அடைபடும் ஈரக் காற்று, பிறகு குளிர்சாதன அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியக்கூடும். குளிரூட்டிய அறையில், மின்விசிறியை நிறுத்தி, விரலுறை அணிந்து, ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவிய பின் மூடுவதே முறை.

இவற்றில் எதையும் வாங்கும் முன் கைப்பழக்கம் வேண்டுமென்றால், பாரிமுனைப் பக்கம் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் விசாரித்து தேதியற்ற, கைச்சாவி வகைப் பழைய எச்.எம்.டி. ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்க்கலாம். 17 கற்கள் கொண்ட அந்தக் கைச்சாவி இயந்திரத்தில் ரோட்டரும் இல்லை, தேதிச் சக்கரமும் இல்லை. முள் எடுப்பதையும் பதிப்பதையும் அச்சமின்றிப் பழகலாம்.