பூட்டு திறக்கப் பழகும் கிட்: கண்ணாடிப் பூட்டுக்காக வாங்காதீர்கள், பித்தளைப் பூட்டுக்காக வாங்குங்கள்

சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கிற கிட்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும். உறைக்குள் வரிசையாகச் செருகிய பிக்குகள் (சாவித்துளைக்குள் விட்டுத் துழாவுகிற மெல்லிய தகட்டுக் கருவிகள்), நாலைந்து டென்ஷன் ரெஞ்ச் (உருளையைத் திருகிப் பிடிக்கிற வளைந்த தகடு), கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரிகிற ஒரு அக்ரிலிக் பூட்டு, ஒரு சின்னக் கையேடு. நான் வாங்கியதில் இவற்றோடு, பக்கவாட்டில் வெட்டித் திறந்துவிட்ட பித்தளைப் பூட்டு ஒன்றும், அதில் மாற்றிப் போட்டுக்கொள்ள ஒரு பொட்டலம் பின்களும் (உருளை சுழலாமல் தடுக்கிற பொடி உலோகத் துண்டுகள்) வந்தன. அந்தப் பித்தளைப் பூட்டு ஒன்றுக்காகவே இந்தக் கிட்டை வாங்கலாம். மற்றதில் பாதியை எடுத்துவிட்டாலும் பழகுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முதலில் கண்ணாடிப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் பெரிதாகப் படம் போட்டிருப்பது அதைத்தான், பிரித்ததும் எல்லாரும் கையில் எடுப்பதும் அதைத்தான். பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அருமையான பொருள், அதில் சந்தேகமே இல்லை. சாவியைச் செருகினால் ஐந்து ஜோடிப் பின்களும் ஏறி இறங்கி, மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பிரிகிற இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்பதும், அந்தக் கணத்திலேயே உள் உருளை சுழல்வதும் கண்ணெதிரே தெரியும். லைனஸ் யேல் இளையவர் 1860களில் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. இன்றும் கதவுகளிலும் தொங்கு பூட்டுகளிலும் சாதாரணமாகப் பார்க்கிற வகை. பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாதது ஒரு தடவை பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அதற்கு மேல் அந்தப் பூட்டால் பிரயோஜனம் இல்லை. இது விரலால் கற்க வேண்டிய வேலை. கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் விரல் ஒன்றையும் கவனிக்காது. போதாததற்கு, பிளாஸ்டிக்கில் போட்ட ஓட்டைகள் தளர்வாக இருப்பதால் ரேக்கை (முனையில் மேடுபள்ளம் வைத்த பிக்) உள்ளே விட்டு முன்னும் பின்னும் நாலு இழுப்பு இழுத்தாலே திறந்துகொள்ளும். திறந்த சந்தோஷம் கிடைக்கும், சரி, எந்தப் பின் எப்போது உட்கார்ந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்து ஒரு நிஜப் பூட்டை எடுத்ததும் அத்தனையும் செல்லாமல் போகும்.

இந்த வித்தை எப்படிச் சாத்தியமாகிறது என்பதைக் கையேடு சரியாகச் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். ஐந்து ஓட்டைகளும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் இருந்தால், ஒவ்வொரு பின்னாகத் தேடித் திறப்பது நடக்காத காரியம். ஆலையில் துளை போடும்போது ஒவ்வொன்றும் ஒரு துளி விலகித்தான் விழுகிறது. அதனால் ரெஞ்சால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் ஐந்தும் சேர்ந்து இறுகுவதில்லை, ஏதோ ஒன்று முதலில் மாட்டிக்கொள்ளும். மற்றவை ஸ்பிரிங்கில் துள்ளிக்கொண்டிருக்க, அது மட்டும் விறைப்பாக நிற்கும். அதைத் தேடிப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் ஒரு சின்ன 'டிக்', உருளை இம்மியளவு திரும்பும், அப்புறம் வேறொன்று இறுகும். முன்னிருந்து பின்னாக வரிசையில் இறுகும் என்று நினைக்க வேண்டாம், நாலாவது முதலிலும் ஒன்றாவது கடைசியிலும் இறுகலாம், பூட்டுக்குப் பூட்டு மாறும். இவ்வளவுதான் சூத்திரம், மீதியெல்லாம் கைப்பதம்.

அந்தக் கைப்பதத்தைத் தருவது பித்தளைப் பூட்டு. உலோகத்தில் 'டிக்' தெளிவாகக் கையில் தட்டும். வெட்டிய பக்கத்தை உங்களுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு பழகுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, கை சொன்னதும் கண் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். மேலே ஐந்து பொடித் திருகுகள் இருக்கின்றன. கூட வருகிற அலென் கீயால் கழற்றிப் பூட்டைக் கவிழ்த்தால் ஸ்பிரிங், மேல் பின், கீழ்ப் பின் எல்லாம் அடுத்தடுத்துக் கொட்டும். (ஸ்பிரிங் ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுதான், தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளாவிட்டால் தரையில் தேட வேண்டியிருக்கும்.) நாலு துளைகளைக் காலியாக விட்டு ஒரே ஒரு ஜோடிப் பின்னை மட்டும் போட்டுப் பழகத் தொடங்கலாம். அது நன்றாகக் கைக்கு வந்ததும் இரண்டு, அப்புறம் மூன்று. கண்ணாடிப் பூட்டால் தர முடியாத பாடம் இது, நான் இந்தக் கிட்டைத் தூக்கிவைத்துப் பேசுவதற்குக் காரணமும் இதுதான்.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். ரெஞ்சின் மேல் இருக்கிற விரலைப் பாருங்கள்: நகத்தடிச் சதை வெளுத்திருந்தால் அழுத்தம் அதிகம். அதிகமாக அழுத்தினால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி விறைப்பாகத் தெரியும், எது முதலில் மாட்டியது என்று பிரித்தறியவே முடியாது. பிக்கும் வளைந்து போகும். திறக்கவில்லை என்றால் நம் கை தானாகவே இன்னும் பலமாக அழுத்தப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை விடுவதுதான் ஆரம்பத்தில் பெரிய வேலை.

பொட்டலத்தில் சாதாரணப் பின்களோடு ஸ்பூல் பின்களும் இருக்கின்றன, இடை ஒடுங்கி நூல்கண்டு வடிவத்தில். ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பூட்டின் சுபாவமே மாறிவிடும். உருளை திடீரென்று தாராளமாகத் திரும்பும், திறந்துவிட்டது என்றே தோன்றும், அங்கேயே நின்றுவிடும். ஸ்பூலின் ஒடுங்கிய இடை உருளையின் விளிம்பில் மாட்டிக்கொண்டதால் வருகிற பொய்த் திருப்பம் அது. அந்தப் பின்னைத் தூக்கும்போது ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்திசையில் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், ஒரேயடியாக விட்டுவிட்டால் அதுவரை உட்கார்ந்த பின்கள் எல்லாம் பொலபொலவென்று விழுந்துவிடும். உலோகம் திரும்பி விரலைத் தள்ளுகிறதே, அந்த உணர்வை முதல் தடவை கண்டுகொள்கிறபோது வருகிற பரவசத்துக்கு ஈடு இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை என்பேன். இதை ஒரு தனிப் பூட்டு வாங்காமல், இருக்கிற பூட்டிலேயே பழகிக்கொள்ள முடிவது பெரிய வசதி.

கருவிகளுக்கு வருவோம். ஒரு டஜனுக்கு மேல் பிக்குகள் கொடுத்திருக்கிறார்கள், உண்மையில் வேலைக்கு ஆவது ஷார்ட் ஹூக் (முனை கொஞ்சமாக மேலே வளைந்த பிக்), கொஞ்சம் ஆழமான இன்னொரு ஹூக், ஒரு ரேக், இந்த மூன்றுதான். பந்து முனை வைத்தது, பாம்பு மாதிரி வளைந்தது எல்லாம் உறையை நிரப்பத்தான். எண்ணிக்கையைக் கூட்டியதற்குப் பதில் கனத்தில் இரண்டு வகை கொடுத்திருக்கலாம். எல்லாமே சுமார் 0.6 மில்லிமீட்டர் தகடு. சாவித்துளை குறுகலான பூட்டுகளுக்கு 0.45 மில்லிமீட்டர் அளவில் ஒன்றாவது வேண்டும். தகட்டை வெட்டியபோது வந்த பிசிறையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். விரலை ஓட்டினால் சொரசொரக்கிறது, பின்னில் உரசும்போது அந்தச் சொரசொரப்பே கையில் தட்டி 'டிக்' என்று ஏமாற்றுகிறது. 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தேய்த்து வழுவழுப்பாக்கினால் அதே கருவி வேறு கருவி போல நடந்துகொள்கிறது.

ரெஞ்ச் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வருத்தம். சாவித்துளையின் அடிப்பக்கம் செருகுகிற வகையையே அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், அது பிக் நடமாட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. பின்கள் இருக்கிற பக்கம், துளையின் விளிம்பிலேயே மாட்டுகிற தட்டை ரெஞ்ச் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிகம் கைக்கு வருவதும் அதுதான். அதில் இரண்டு மூன்று கனங்களில் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கையேட்டைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. எந்தப் பூட்டையும் சில நிமிடங்களில் திறக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவரைச் சோர்ந்து போக வைக்கிற பொய் இது. ஜோசப் பிரமா 1784இல் காப்புரிமை வாங்கிய பூட்டு ஒன்றை, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) பரிசு என்ற சவாலோடு லண்டனில் கடை ஜன்னலில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். 1851இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்தார், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில். அந்தக் காலத்தின் கெட்டிக்காரக் கைகளில் ஒன்றுக்கே அவ்வளவு பிடித்தது. ஒரு சாதாரணப் பூட்டோடு ஒரு மாலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டி, திறக்காமல் கீழே வைப்பது இதில் சகஜம், அதை முதல் பக்கத்தில் எழுதியிருந்தால் எத்தனையோ பேர் பாதியில் விடாமல் இருப்பார்கள்.

அதே கையேட்டில் எங்குமே இல்லாத இரண்டு விதிகள் உண்டு. உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவர் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். உபயோகத்தில் இருக்கிற பூட்டை, அது உங்கள் வீட்டுக் கதவே ஆனாலும், பழகுவதற்கு எடுக்காதீர்கள், பின்னோ ஸ்பிரிங்கோ கெட்டுப்போனால் அப்புறம் சொந்தச் சாவியே வேலை செய்யாது. நெதர்லாந்தில் தொடங்கிய டூல் போன்ற பூட்டு ஆர்வலர் குழுக்கள் இவற்றைத்தான் முதல் பாடமாகச் சொல்கின்றன. சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடும். இந்தக் கருவிகளை வைத்திருப்பதே சில இடங்களில் பிரச்சினை, சில இடங்களில் வெளியே எடுத்துப்போவது மட்டும் பிரச்சினை, வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர்கள் அரைப் பக்கம் ஒதுக்கி இதை எழுதியிருக்க வேண்டும்.

கீழ்ப் பின்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தும் எல்லாவற்றையும் ஒரே பொட்டலத்தில் கொட்டி அனுப்புவது இன்னொரு குறை, பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பித்தளைப் பூட்டில் ஐந்து சாதாரணப் பின்களும் சிரமமில்லாமல் உட்காரத் தொடங்கியதும் வெளியே ஒரு மலிவான தொங்கு பூட்டு வாங்கலாம். மாஸ்டர் லாக் 3ஆம் எண் பலரும் தொடங்குகிற பூட்டு, அதில் நாலு பின்கள்தான்.