கோப்பின் பெயரைக் காட்டியே ₹14,500 பறித்த டேட்டா ரெக்கவரி கடை

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, அதிலிருந்த போன் நம்பர்களை எப்படியாவது எடுக்க வேண்டும் என்று டேட்டா ரெக்கவரி கடை தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெறும் பூஜ்யத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று மதியம்தான் ஒருவழியாக என் ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இப்படிப்பட்ட இடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடைப் பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப்போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். திருச்சியில், மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஆபீஸ் மாதிரி இருக்கும். கடைகளின் முகவரி தரும் இணையதளம் ஒன்றில் நாலரை நட்சத்திரத்தோடு மேலேயே வந்தது. ‘டேட்டா வரவில்லை என்றால் பணம் வேண்டாம்’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை நம்பித்தான் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினேன்.

எங்களுக்குத் தொழில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. 2008இலிருந்து அப்பா சேர்க்கச் சேர்க்க வளர்ந்த பட்டியல். வாடிக்கையாளர்கள், மண்டப மேனேஜர்கள், தாராசுரம் மார்க்கெட்டில் காய் எடுக்கும் இடங்கள், இலைக்காரர், பாத்திர வாடகைக்காரர், பந்தி பரிமாற வரும் பையன்கள், எல்லார் நம்பரும் அதில். நம்பர் மட்டும் என்றால்கூட நாலு பேரைக் கேட்டு மறுபடி சேர்த்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் அப்பா ஒவ்வொருவருக்கும் குறிப்பு போட்டிருப்பார். ‘பெரியவருக்குச் சர்க்கரை, தனிப் பாயசம்.’ ‘பூண்டு வெங்காயம் கிடையாது.’ ‘மூத்த பெண் கல்யாணத்துக்கு அசோகா செய்தோம், அடுத்ததற்கும் அதையே கேட்பார்கள்.’ போன் செய்து “அம்மா, பேரனுக்கு ஆண்டு நிறைவு வருதே” என்று நாங்களே ஆரம்பிப்போம். ஆர்டர் பாதி அப்படித்தான் வரும். ஆடி மாதம் எங்களுக்கு வேலை கம்மி. அந்த மாதம்தான் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் பார்த்து ஆவணி முகூர்த்தங்களுக்குப் பேசுவோம். இந்த ஆடியில் பேச ஆள் இருக்கிறார்கள், நம்பர்தான் இல்லை.

ஆனிக் கடைசியில் ஓர் இரவு கரண்டு போய்ப் போய் வந்தது. காலையில் போட்டால் விண்டோஸ் 7 லோகோவோடு நின்றுவிட்டது. ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் பார்த்துவிட்டு, “பேட் செக்டர் நெறைய இருக்குண்ணே, நான் கை வெச்சா இருக்கறதும் போயிடும், ரெக்கவரி செய்யறவங்ககிட்ட குடுங்க” என்றான். டிஸ்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்களைத்தான் பேட் செக்டர் என்கிறார்கள். நேர்மையான பையன். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இனி அந்தக் கடை. நான் போனபோது முப்பது வயதிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க” என்று டீ வரவழைத்தார். டிஸ்க்கை ஒரு பெட்டியில் மாட்டினார். பொறுமையாக ஏதேதோ ஓடவிட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மானிட்டரை என் பக்கம் திருப்பினார். அப்பாவின் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. அதற்குள்ளே ‘கஸ்டமர் லிஸ்ட் நியூ’ என்று அப்பா வைத்த அதே பெயரில் கோப்பு, பக்கத்தில் அதன் அளவு, கடைசியாகத் திருத்திய தேதி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“கண்ணால பாத்துட்டீங்கல்லண்ணே? இனி இது நம்ம கையில.”

“ஒரு தடவை திறந்து காட்டுங்க தம்பி” என்றேன்.

“இது டெமோண்ணே, திறக்காது. லைசென்ஸ் போட்டாத்தான் திறக்கும். ஒரு டிஸ்குக்கு ஒரு லைசென்ஸ், வெளிநாட்டுக்குப் பணம் கட்டணும். அதான் முன்னாடியே வாங்கறோம். நாளைக்கே பென்டிரைவ்ல ரெடி பண்ணிடறேன்.”

14,500 ரூபாய். ஜிபேயில் போட்டேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் வந்தது. கேட்டால், “ஓனரோட தம்பிண்ணே” என்றார். பில் கேட்டதற்கு, ‘ஹார்டு டிஸ்க் 500 ஜிபி – 1’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. இன்னொரு தாளில், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அடித்ததில், கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாளைப் பிற்பாடு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று சொல்கிறேன்.

பென்டிரைவ் வந்தது. ‘நாளைக்கே’ இல்லை, பல தடவை போன் செய்த பிறகு கூரியரில். அதில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று 2011இல் எடுத்து வைத்த பழைய நகல். அது அதே டிஸ்கின் இன்னொரு பகுதியான டி டிரைவில் பத்திரமாகவே கிடந்தது, எடுப்பதற்கு எந்த வித்தையும் தேவையில்லை. இன்னொன்று ‘கஸ்டமர் லிஸ்ட் நியூ’. பெயர் சரி, அளவு சரி, திறந்தால் எக்செல் மறுக்கிறது.

எங்கள் ஊரில் சிசிடிவி கேமரா போடும் தம்பி ஒருவருக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி. அவர் அந்தக் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பைட் பைட்டாகக் காட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரை பூஜ்யம். வேறு எதுவுமே இல்லை. கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் டிஸ்கில் ஓர் அட்டவணையில் தனியாக இருக்குமாம். உள்ளே எழுதியது வேறு இடத்தில் இருக்குமாம். அந்த இடம் படிக்க முடியாமல் போயிருந்தாலும் அட்டவணை நன்றாக இருந்தால் பெயர் திரையில் ஜோராக வரும். மண்டப வாசலில் மாப்பிள்ளை பெண் பெயரைப் பூவால் எழுதியிருப்பதைக் காட்டி, உள்ளே சாப்பாடு தயார் என்று பணம் வாங்கிய கதை. ரெக்கவரி மென்பொருள்களில் பல, பணம் கட்டும் முன்பே கோப்பின் முன்னோட்டத்தைக் காட்டுமாம். அதாவது திறந்து காட்ட முடியாது என்று அந்த ஆள் சொன்னதை நான் இப்போது துளியும் நம்பவில்லை.

இதைவிட எரிச்சலூட்டியது அந்த 2011 நகல். அது திறந்தது. ஆனால் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கன்னாபின்னாவென்று இருந்தது. நம்பர்கள் மட்டும் சரியாக இருந்தன. கடைக்குப் போன் செய்தேன். “வைரஸ் என்கிரிப்ட் பண்ணியிருக்கு சார், டீக்ரிப்ட் பண்ண 6,000 ஆகும்” என்றார்கள். (பணம் கட்டும்வரை ‘அண்ணே’, கட்டின பிறகு ‘சார்’.) நம்பருக்கு ஒன்றும் ஆகாமல் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பூட்டுகிற வைரஸை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

எதிர் வீட்டு அச்சகத்துக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாமினி எழுத்துருவில அடிச்சிருக்காங்க. உன் லேப்டாப்பில அது இல்ல, அவ்வளவுதான்.” எழுத்துருவைப் போட்டார், அத்தனை பெயரும் தமிழில் வந்து நின்றன. அந்தக் காலத்தில் டிடிபி சென்டரில் அடித்த தமிழெல்லாம் பாமினியிலோ அது போன்ற வேறு எழுத்துருவிலோதான் இருக்கும். அதை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற இலவசமாகவே மாற்றிகள் இருக்கின்றன. இதற்கு 6,000! தமிழ்நாட்டில் டேட்டா ரெக்கவரி கடை வைத்திருப்பவருக்குப் பாமினி தெரியாது என்றால் அவர் தொழிலுக்கே லாயக்கில்லை. தெரிந்தே கேட்டார் என்றால் அதற்கு வேறு பெயர்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. போனை எடுக்கும் பெண், “டெக்னீசியன் லீவு சார்.” மறுநாள், “ஓனர் சென்னை போயிருக்கார் சார்.” வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழும், பதில் விழாது. ஒருநாள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், உடனே எடுத்தார்கள்! என் குரல் கேட்டதும், “ஹலோ, ஹலோ, கேக்கல சார்.” கடைசியில் ஓனரே பேசினார். “ஃபைல் குடுத்தாச்சு சார். ஃபைல் உள்ள இருக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க.” அந்தப் பொடி எழுத்துத் தாள் இதற்குத்தான். ஃபைலுக்குள் இருப்பது வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று ஒருவன் 14,500 ரூபாய் கொடுப்பானா? கேட்டேன். “கன்சூமர் கோர்ட்டுக்குப் போங்க சார், எத்தனையோ பேர் போயிருக்காங்க” என்று வைத்துவிட்டார். எத்தனையோ பேர் போயிருக்கிறார்களாம்! அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்.

சரி, பணம் போகட்டும், டிஸ்க்கையாவது கொடுங்கள், வேறு நல்ல இடத்தில் காட்டுகிறேன் என்றால் அதற்கும் இழுத்தடிப்பு. நேற்று நேரில் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியதும் தானாக டிஸ்க் வந்தது.

ராத்திரி சிசிடிவி தம்பி அதை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அதில் ‘ஃபவுண்ட் 000’ என்று மறைந்த ஃபோல்டர், அதற்குள் ‘சிஎச்கே’ என்று முடியும் துண்டுக் கோப்புகள் குவியலாகக் கிடந்தன. விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சரிபார்க்கும் கருவி ஓடினால்தான் அது உருவாகும் என்றார். ஃபோல்டரின் தேதியைப் பார்த்தோம். டிஸ்க் அவர்கள் கையில் இருந்த நாள். செக்டிஸ்க், கோப்பைக் காப்பாற்றும் கருவி அல்ல. டிஸ்கின் அட்டவணையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, அதற்காக அது டிஸ்கிலேயே எழுதும், பொருந்தாததை வெட்டி ஓரமாகப் போடும். பழுதான டிஸ்க்கை முதலில் அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடமாம். நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்று இலவச மென்பொருளே இருக்கிறது. லைசென்ஸ், வெளிநாடு என்று 14,500 ரூபாய் வாங்கியவர்கள், கம்ப்யூட்டரோடு வருகிற சாதாரணக் கருவியை என் அசல் டிஸ்கிலேயே ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன் கை வைக்கப் பயந்த இடம் அது.

இதில் ஒரு சின்ன நல்லது. அதே டி டிரைவில் அப்பாவின் பழைய நோக்கியா போனை, நோக்கியா பிசி சூட் என்ற மென்பொருள் வழியாக பேக்கப் எடுத்த ‘என்பியு’ கோப்பு ஒன்று கிடந்தது. அதைக் கடைக்காரர்கள் சீண்டவே இல்லை. என்பியு எக்ஸ்புளோரர் என்ற இலவச மென்பொருளில் திறந்தோம், நம்பர்கள் வந்தன. பாதிப் பேர் நம்பரை மாற்றியிருப்பார்கள், ஆனாலும் மண்டபக்காரர்கள் சிலர் கிடைத்தார்கள். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருப்பவர்கள் இந்த மாதிரி பேக்கப் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் ‘பிஎஸ்டி’ என்று முடியும் கோப்பைத் தேடுங்கள், நம்பரெல்லாம் அதற்குள் இருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். நாளைக்குக் கோயிலில் ஆடிப்பூர அன்னதானம், விடிவதற்குள் மார்க்கெட் போயாக வேண்டும், அவசரமாகச் சொல்லி முடிக்கிறேன். கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயர்களைக் காட்டினால்தான் பணம். கோப்பின் பெயரைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அசலில் வேலை செய்வீர்களா, நகலிலா என்று கேளுங்கள், முழித்தால் கொடுக்காதீர்கள். டிஸ்கில் கடகடவென்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். சாதாரண மேசையில் வைத்து டிஸ்க்கைத் திறக்கிறேன் என்று எவன் சொன்னாலும் விடாதீர்கள், உள்ளே ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க. ஜிஎஸ்டி பில் இல்லாமல், கடைப் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள்.

ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தொழிலுக்காக என்றால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லப் பார்க்கும். சொந்த உழைப்பில் பிழைக்கும் சுயதொழில்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை.

நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப், அந்த ஃபோல்டரின் தேதி எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 14,500 ரூபாய் வருகிறதோ இல்லையோ, அன்னதானம் முடிந்ததும் தஞ்சாவூர் ஆணையத்துக்குப் போகிறேன். அதே கடையில் டிஸ்க் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே நேரில் போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள், போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.