எஃப்எஸ் 595 ஷேடு கார்டு: போர்க்கால ஜீப்புக்கு ஆலிவ் டிராப் பார்க்க இது போதுமா?

வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ போன்ற இரண்டாம் உலகப் போர் ஜீப்பைப் புதுப்பிக்க இறங்கியவுடன் காதில் விழும் முதல் எண் 33070. அமெரிக்க அரசின் எஃப்எஸ் 595 வண்ணத் தரத்தில் ஆலிவ் டிராப் (ராணுவ வண்டிகளின் பழுப்பு கலந்த பச்சை) ஒன்றுக்குக் கொடுத்த எண் இது. 2017 முதல் அந்தத் தரம் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் பொறுப்பில் ஏஎம்எஸ்-எஸ்டிடி-595 என்ற பெயரில் தொடர்கிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட வண்ணங்கள் கொண்ட விசிறி ஷேடு கார்டாகவும், தனித்தனி அட்டைகளாகவும் கிடைக்கிறது. வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் ஜீப்பின் நிறத்தை இதுவே சொல்லிவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

காரணம் எளிது. இந்தத் தரத்தின் முதல் பதிப்பு வந்தது 1956-ல். போர்க்கால ஜீப் உற்பத்தி 1945-லேயே முடிந்துவிட்டது. தொழிற்சாலையில் அடித்தது ராணுவப் பட்டியலில் 9-ஆம் எண்ணாக இருந்த பளபளப்பற்ற ஆலிவ் டிராப். அதற்கு நெருக்கமானது என்று பிற்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான் 33070. இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், அசல் மாதிரியாக அல்ல.

இந்த எண் முறை மட்டும் உண்மையிலேயே அருமை. முதல் இலக்கம் மினுமினுப்பு: 1 என்றால் பளபளப்பு, 2 பாதி, 3 மேட் (பளபளப்பற்றது). இரண்டாவது வண்ணக் குடும்பம்: 3 மஞ்சள், 4 பச்சை. கடைசி மூன்றும் ஏறத்தாழ வெளிர்மை. எண் சிறிதானால் நிறம் இருண்டது. இப்போது 33070-ஐப் படித்துப் பாருங்கள்: மேட், மஞ்சள் குடும்பம், இருண்டது. போருக்குப் பிந்தைய ஆலிவ் டிராபான 24087-ஐப் படியுங்கள்: பாதி மினுமினுப்பு, பச்சைக் குடும்பம். ஆலிவ் டிராப் அடிப்படையில் மஞ்சள் காவியும் கறுப்பும் சேர்ந்த கலவை. அதனால்தான் அது பழுப்பின் பக்கம் சாய்கிறது. 1943 ஜீப்பில் பச்சை தூக்கலாகத் தெரிந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டி அறுபதுகளின் வண்டியாகிவிடும். கடைகளில் "மிலிட்டரி கிரீன்" என்று பொதுவாகத் தருவதை இதற்காகவே தவிர்க்க வேண்டும்.

கார்டின் பெரிய குறை பதிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு. மேட் ஆலிவ் டிராபான 34087 என்ற எண் பழைய பதிப்பில் ஒரு நிறம், பிந்தைய பதிப்பில் வேறு நிறம். பழைய 34087-க்கு இன்று நெருங்கி வருவது 34088. பெயின்ட் டப்பாவில் எண்ணை மட்டும் போட்டு, எந்தப் பதிப்பு என்று சொல்லாத விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திய பிறகே பணம் கொடுங்கள்.

கார்டை வண்டியோடு எப்படி ஒப்பிடுவது என்பதுதான் முக்கியம். அசல் பெயின்ட் பெரும்பாலும் மறைவிடங்களில் மிஞ்சியிருக்கும்: டேஷ்போர்டு தகவல் தகடுகளுக்கு அடியில், மீட்டர்களின் விளிம்புக்குப் பின்னால், கருவிப் பெட்டி மூடிக்கு உள்ளே, பெட்ரோல் டாங்க் உட்காரும் குழியில். மேலே பல கோட் ஏறியிருந்தால் 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500 வரை போய், காசு அகல வட்டமாகச் சரிவாகத் தேய்த்தால் ஒவ்வொரு கோட்டும் வளையம் வளையமாகத் தெரியும். ரெட் ஆக்ஸைடு பிரைமருக்கு நேர் மேலே இருக்கும் வளையம்தான் நமக்கு வேண்டியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆல்கைட் எனாமல் (எண்ணெய் கலந்த பெயின்ட்) வெளிச்சமே படாத இடத்தில் வருஷக்கணக்கில் இருந்தால் மஞ்சளாகிவிடும். தகட்டைக் கழற்றிய உடனே பார்த்தால் அசலைவிடப் பழுப்பாகத் தெரியும். சில நாள் பகல் வெளிச்சம் பட விட்டால் அந்த மஞ்சளில் ஒரு பகுதி வெளுத்துவிடும். அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். வெயிலில் கிடந்த பெயின்ட்டின் கதை நேர் எதிர்: மேலே மாவு பூத்து வெளிறியிருக்கும். அதை 2000 எண் பேப்பரில் லேசாக எடுக்காமல் பார்த்தால் வெளிர் நிறம் கிடைக்கும். பெயின்ட் கடையில் நிறத்தை அளக்கும் ஸ்கேனரும் இதே மாவைத்தான் படிக்கிறது.

சாம்பல் நிற அட்டையில் ஒரே அளவில் இரண்டு ஓட்டை வெட்டி, ஒன்றை ஷேடு கார்டின் மேலும் மற்றதை அசல் பெயின்ட்டின் மேலும் வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றியுள்ள நிறம் கண்ணைக் குழப்பாது. பிறகு குண்டு பல்பு வெளிச்சத்திலும் ஒருமுறை. வெளியே பொருந்தியது உள்ளே பச்சையாகத் தெரிந்தால் கலவையில் தாலோ பச்சை என்ற அடர்ந்த செயற்கை நிறமியைப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் ஆக்ஸைடு, கறுப்பு, தேவைப்பட்டால் துளி ரெட் ஆக்ஸைடு இவற்றாலேயே கலக்கச் சொல்லுங்கள். பாதி மினுமினுப்புக் கார்டை வைத்து மேட் பெயின்ட் கலக்க விடாதீர்கள். அதே நிறமி மேட்டில் வெளிறித் தெரியும், கடைக்காரர் கறுப்பைக் கூட்டிவிடுவார்.

அடிக்கும்போது சொதப்புவது பெரும்பாலும் பளபளப்பைக் குறைக்கப் பெயின்ட்டில் சேர்க்கும் மேட் பவுடரால். அது டப்பாவின் அடியில் படியும். அடியிலிருந்து சுரண்டி ஐந்து நிமிஷமாவது கலக்காவிட்டால் டப்பாவின் மேல் பாதி மினுங்கும், கீழ்ப் பாதி சுண்ணாம்பாக வரும். அடிச்சட்டம், ரிம் எல்லாம் சேர்த்து ஒரு ஜீப்புக்கு இரண்டு கோட் அடிக்க 7 முதல் 8 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். 1.4 மி.மீ. நாசில் போதும். ஸ்பிரே கன்னைக் கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் மினுங்கும் திட்டுகள் வரும். தள்ளிப் பிடித்தால் தூசி மாதிரி உலர்ந்து சொரசொரக்கும். கடினமாக வேண்டும் என்று ஹார்டனர் சேர்த்தால் மினுமினுப்பு கூடும். சேர்ப்பதாக இருந்தால் தகரத் துண்டில் அடித்து இரண்டு நாள் காயவிட்டுப் பாருங்கள். மேட்டில் பேட்ச் வேலை மறையாது. கீறல் விழுந்தால் அந்தப் பேனல் முழுக்க மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பானட்டில் பதிவு எண்ணை எழுதும் முன் போர்க்காலப் புகைப்படங்களைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த பல வண்டிகளில் அது வெள்ளையில் அல்ல, மங்கிய நீலத்தில் இருந்தது.

ஒரே ஒரு வண்டிக்காக முழு விசிறிக் கார்டு வேண்டாம். 33070, 34088, 24087 மூன்றையும் தனி அட்டையாக வாங்கினால் போதும்; அளவும் பெரிது, ஒப்பிடவும் வசதி. பல நாட்டு வண்டிகளைத் தொடுகிற பட்டறைக்கும் முழுக் கார்டு பாதிக்குத்தான் உதவும். பிரிட்டிஷ் டீப் புரோன்ஸ் கிரீனுக்கு பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் வண்ணத் தரத்தில் 224-ஐயும், ஜெர்மன் வண்டிகளுக்கு ரால் என்ற ஜெர்மன் வண்ணத் தரத்தின் எண்களையும் தனியாக வாங்க வேண்டும். எந்தக் கார்டானாலும் விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடியுங்கள். மேட் அட்டையில் கை எண்ணெய் பட்ட இடம் மினுங்கி இருண்டுவிடும், துடைத்தாலும் போகாது.