கை ஷீல்டா, தலை ஹெல்மெட்டா, ஆட்டோவா?

வெல்டிங் அடிக்கும்போது கண்ணைக் காக்க எது நல்லது என்பதுதான் கேள்வி. பட்டறைக்கு ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட், அதாவது வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானே கறுக்கும் ஹெல்மெட், வாங்கியாகிவிட்டது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

கை ஷீல்டு விலை குறைவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை. ஆனால் கேட், கிரில் வேலையில் ஒரு கை வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு, ஒரு கை ஷீல்டுக்கு என்றால் கம்பியை யார் பிடிப்பது? அதனால்தான் டேக் (துண்டுகள் நகராமலிருக்க வைக்கும் சிறு வெல்டிங் புள்ளி) வைக்கும்போது பலர் ஷீல்டைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்கிறார்கள். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுவது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல உறுத்தும். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், கண்ட சொட்டு மருந்து எல்லாம் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறுவதே தாமதமாகும். கண் மருத்துவரைப் பாருங்கள்.

கருப்புக் கண்ணாடி போட்ட தலை ஹெல்மெட்டில் இரண்டு கையும் காலி. நீளமான வெல்டிங் தையலுக்கு அருமை. டேக் வேலைக்கு அவ்வளவு சரிவராது: ஆர்க் என்னும் மின்சுடர் பிடிக்கும்வரை ராடு நுனி தெரியாது, ஒவ்வொரு டேக்குக்கும் தலையை ஆட்டிக் கவிழ்த்துக் கழுத்து போய்விடும்.

ஆட்டோவில் 3 அல்லது 4 ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) வழியாக முன்கூட்டியே இடம் தெரியும். ஆர்க் பிடித்ததும் கண் சிமிட்டுவதற்குள் கறுத்துவிடும். 2.5, 3.15 எம்எம் ராடுக்கு ஷேடு 10 வைத்தால் போதும், 4 எம்எம் என்றால் 11, 12. ‘கறுக்கத் தவறினால் கண் போய்விடுமே’ என்பார்கள். தரமான ஃபில்டரில் (கறுக்கும் கண்ணாடியில்) புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் பூச்சு தனி. கறுக்காவிட்டாலும் அது வேலை செய்யும், கண் கூசுவதோடு போகும். ஃபில்டரிலேயே தரக்குறி இருக்கிறதா பாருங்கள்; EN 379 என்ற ஐரோப்பியத் தரப்படி வந்தவற்றில் அது ‘379’ என்று முடியும். குறியே இல்லாத மலிவுச் சரக்குக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆனால் காசு வீணாவதும் மிஞ்சுவதும் பராமரிப்பில்தான். முன்னால் சோலார் தகடு இருப்பதால் பேட்டரியே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். பல மலிவு மாடல்களில் பேட்டரி உள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருக்கும்; அது செத்தால் ஃபில்டரையே மாற்ற வேண்டும். பேட்டரியை இழுத்து மாற்றும் சிறு அறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிஆர்2032, சிஆர்2450 மாதிரி பட்டன் செல் என்றால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அப்புறம் ஃபில்டருக்கு முன்னால் காப்பாக இருக்கும் வெளிப் பிளேட். ஸ்பேட்டர் (உருகிய உலோகத் துளி) தெறித்துப் புள்ளி விழுந்தால் பார்வையும் மங்கும், ஆர்க்கைக் கண்டறியும் சென்சாரும் மறையும். சாதா ஹெல்மெட்டின் வெள்ளைக் கண்ணாடி எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு. ஆட்டோவில் மாடலுக்கு மாடல் அளவு வேறு. உதிரிப் பிளேட் தராத கடையில் ஹெல்மெட்டும் வாங்காதீர்கள். நான் பிளேட்டையும் சேர்த்தே வாங்கினேன்.

சென்சார் இரண்டைவிட நான்கு நல்லது. ஆங்கிள் இரும்பு குறுக்கே வந்தால் ஒன்றிரண்டு மறைந்துபோகும். ஹெல்மெட்டை கிரைண்டிங் மோடில் விட்டுவிட்டு வெல்டிங்குக்குத் திரும்பினால் அது கறுக்கவே கறுக்காது, கவனம்.

ஆர்கான் (டிக் வெல்டிங்) வேலை எனக்கு எப்போதாவதுதான் வரும். குறைந்த ஆம்பியரில் சில ஹெல்மெட்டுகள் ஆர்க்கைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதையே தினம் செய்பவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

பழைய கை ஷீல்டு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்று கம்பி பிடிக்கும் பையனுக்கும் அதே வெளிச்சம்தானே அடிக்கிறது.